உயிலை உடைப்பதா, பங்கைக் கேட்பதா?

மஞ்சள் பைக்குள்ளிருந்து அந்த அம்மா முதலில் எடுத்தது உயிலின் ஜெராக்ஸ். அடுத்து, ஓரம் கிழிந்த கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகம். இரண்டையும் என் மேஜைமேல் ஒட்டினாற்போல் வைத்துவிட்டு, "ஏனுங்க, இந்த ரெண்டு கையெழுத்தும் ஒரே ஆள் போட்டதாட்ட இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

தாராபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். உயில் தகராறு என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கையெழுத்தில்தான் ஆரம்பிப்பார்கள். இந்த அம்மாவின் விஷயத்தை ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கையெழுத்து எனக்கு மறக்கவில்லை. அவருடைய அய்யன் (அப்பா) பெயரில் ஒரு 'லை' உண்டு. ஐம்பதுகளில் பள்ளிக்கூடம் போன மனிதர். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் 'லை' எழுதினால் 'ல'வின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி வரும். பாஸ்புத்தகத்தில் இருந்தது தும்பிக்கை 'லை'. உயிலில் இருந்தது இன்றைக்குப் பிள்ளைகள் எழுதுகிற 'லை'.

"எங்கய்யன் சாகற வரைக்கும் இப்படி எழுதினதே இல்லைங்க. கேஸ் போட்டா ஜெயிக்குமுங்களா?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உயில் செல்லாது என்று ஆனால் நமக்கு என்ன வரும்? உயில் செல்லும் என்றே ஆனாலும் நமக்கு என்ன வரும்? முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ, அதற்காகத்தான் உயிலை உடைக்கப் போகிறோம். அந்த மிச்சம் சில வீடுகளில் பெரிதாக இருக்கும். சில வீடுகளில் வக்கீல் பீஸுக்கே காணாது.

பையின் அடியில் இருந்த பத்திரம்

அந்த அம்மாவின் குடும்பத்துக்கு எட்டு ஏக்கர் தோட்டம். அண்ணன் ஒருவர், அக்கா ஒருவர், இவர். இவர்களுடைய தாயார் முன்பே இறந்துவிட்டார். எட்டு ஏக்கரும் மகனுக்கே என்று உயில். "பெண்களுக்குக் கல்யாணத்தின்போதே நகை, சீர் எல்லாம் செய்தாகிவிட்டது" என்ற வாசகமும் இருந்தது. கொங்கு நாட்டில் எழுதப்படுகிற உயிலில் பத்திர எழுத்தர் கேட்காமலே போட்டுவிடுகிற வரி அது.

பையை முழுக்கக் கவிழ்க்கச் சொன்னேன். அடியில் 1964-ஆம் வருடத்துப் பாகப்பத்திரம் ஒன்று, மடித்த மடிப்பில் நூலிட்டுக் கிடந்தது. அய்யனும் அவர் பங்காளிகளும் பூர்வீக நிலத்தைப் பிரித்துக்கொண்டது. அதில் அய்யன் பாகத்துக்கு வந்தது ஆறு ஏக்கர். மீதி இரண்டு ஏக்கர் அவர் 1987-இல் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பாலேயே பங்குதாரர் என்று 2005 செப்டம்பர் 9 முதல் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு அது இன்னும் முன்னாலேயே வந்துவிட்டது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று இருந்த குழப்பத்தை, தேவையில்லை என்று சொல்லி, வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்து வைத்தது. அப்படியானால் அந்த ஆறு ஏக்கர் அய்யன் ஒருவருடையது அல்ல. அய்யன், மகன், மகள் இரண்டு பேர் என்று நாலு பங்கு. ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். அய்யன் உயில் எழுதலாம், தப்பில்லை. ஆனால் தன் ஒன்றரை ஏக்கருக்கும் தான் வாங்கிய இரண்டு ஏக்கருக்கும்தான் எழுத முடியும். எட்டு ஏக்கர் என்று எழுதியிருந்தாலும் உயிலின் கை எட்டுவது மூன்றரை ஏக்கர்வரைதான்.

உயில் நூறு சதவீதம் சரி என்று கோர்ட் சொன்னாலும் இந்த அம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. உயில் செல்லாது என்று ஆனால் அந்த மூன்றரை ஏக்கரும் மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகும். ஆளுக்கு 1 ஏக்கர் 16 சென்ட் சொச்சம் கூடும். மொத்தம் 2 ஏக்கர் 66 சென்ட். ஆக, கையெழுத்துச் சண்டை என்பது அந்த 1 ஏக்கர் 16 சென்டுக்கான சண்டை. ஒன்றரை ஏக்கருக்குத் தும்பிக்கை 'லை' தேவையே இல்லை. 1964 பத்திரம் போதும்.

இதைச் சொன்னதும் அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "அப்ப எங்கண்ணன் பொய்க் கையெழுத்துப் போட்டது தப்பில்லைங்களா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அது வேறு கணக்கு.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாம் பேச்சில் பூர்வீகம் என்பதெல்லாம் சட்டத்தின் பூர்வீகம் அல்ல. அப்பாரு (அப்பாவின் அப்பா) சொந்தமாகச் சம்பாதித்த நிலம், அவர் 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்ததால் உங்கள் அப்பாவுக்கு வாரிசு முறையில் வந்தது என்றால், அது அப்பாவின் தனிச்சொத்து. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இதை 1986-இல் சந்தர் சென் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பாரு செட்டில்மெண்டாகவோ உயிலாகவோ அப்பாவுக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தின் வாசகத்தைப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையையும் கிரயத்தையும் இப்போது கிளற முடியாது. அதனால் மூலப்பத்திரத்தையும், எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு பின்னாலிருந்து வில்லங்கச் சான்றையும் போட்டுப் பார்த்த பிறகுதான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் கூட்டுக் குடும்பக் கணக்கு வராது. முஸ்லிம் குடும்பங்களில், மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது.

கையில் இருக்கும் காகிதம் உயில்தானா என்பதையும் பாருங்கள். உயிருடன் இருக்கும்போதே உரிமையை மாற்றிக் கொடுப்பது செட்டில்மெண்ட். செத்த பிறகு நடைமுறைக்கு வருவது உயில். தலைப்பு எதுவாக இருந்தாலும் உள்ளே எழுதியிருப்பதுதான் கணக்கு. இரண்டையும் எதிர்க்கும் முறை வேறு.

எது உயிலை உடைக்கும்

பதிவு செய்யாத உயில் செல்லாது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. பதிவு செய்த உயிலை அசைக்கவே முடியாது என்று இன்னொரு நம்பிக்கை. இரண்டும் தவறு. உயிலுக்குப் பதிவும் வேண்டாம், முத்திரைத்தாளும் வேண்டாம். வேண்டியது இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவு சொல்வதுதான்: எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது நான் போட்டதுதான்" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும், அவர் பார்க்கச் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

உயிலைக் காட்டிச் சொத்துக் கேட்கிறவர், சாட்சி உயிரோடு இருந்தால், ஒருவரையாவது கூண்டில் ஏற்றியே தீர வேண்டும். 2024 ஜூலையில் சாட்சியச் சட்டம் பெயர் மாறி, பிரிவு எண் 68 என்பது 67 ஆனது. விஷயம் மாறவில்லை. பல உயில்கள் விழுவது அந்தக் கூண்டில்தான். "யார் படித்துக் காட்டினார்கள்? எந்த நேரம்? பேனா யார் கொடுத்தது? அவர் கட்டிலில் இருந்தாரா, திண்ணையில் இருந்தாரா? உங்களுக்கு முன்னால் யார் கையெழுத்துப் போட்டது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் அலுங்காமல் கேட்டுக்கொண்டே போவார். பார்த்தவர் தடுமாறினாலும் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிடுவார். பார்க்காதவர் மூன்றாவது கேள்வியில் அண்ணன் முகத்தைப் பார்ப்பார்.

சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதை விளக்கித் தீர்க்கும் பாரம் உயிலைக் காட்டுகிறவர் தலையில்தான் என்று 1959-இல் வெங்கடாசல அய்யங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. இன்றைக்கும் கீழ்க்கோர்ட்டில் எல்லா வக்கீலும் அதைத்தான் எடுப்பார்கள். லாபம் அடைகிற மகனே பத்திர எழுத்தரைக் கூட்டி வந்தது, சாட்சிகள் இரண்டு பேரும் அவனுடைய மச்சினன்மார், உயில் எழுதிய தேதியில் அப்பா கோவை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, கருமாதி முடிந்து மூன்று வருடம் வெளியே வராத உயில் திடீரென்று வந்தது, சொத்து விவரத்தில் அப்பாவுக்கே தெரிந்திருக்க வேண்டிய நான்கெல்லை தப்பாக இருப்பது, இதெல்லாம் சந்தேகச் சூழ்நிலை. ஆனால் ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று நீங்கள் சொன்னால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம் வந்துவிடும். வெறும் கோபத்தில் பிராதில் (வழக்கு மனுவில்) அந்த வார்த்தைகளை அள்ளிக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பெண்களுக்கு ஒன்றும் வைக்கவில்லை என்பது மட்டும் போதாது. வழக்கமான வாரிசு முறையை மாற்றத்தான் ஒருவர் உயிலே எழுதுகிறார் என்று கோர்ட் சொல்லும். கசப்பாக இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கையெழுத்தைவிடக் கைநாட்டு உறுதியானது. பதிவு செய்த உயில் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துப் பெருவிரல் ரேகைப் பதிவேட்டில் அந்த ரேகை இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு பதிவான உயிலின் நகலை யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கலாம். அவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ மட்டும்தான் கிடைக்கும். எழுத்து நிபுணர் சொல்வது வெறும் கருத்து. நம் தும்பிக்கை 'லை'க்கும் அதே கதிதான் ஆனது. எதிர்த்தரப்பு ஒரு பழைய சமையல் கேஸ் கனெக்‌ஷன் படிவத்தைக் கொண்டுவந்தது. அதில் அய்யன் புது 'லை'யில் கையெழுத்துப் போட்டிருந்தார். பேரன் எழுதுவதைப் பார்த்து மாற்றிக்கொண்டாரோ என்னவோ.

இன்னொரு குழியும் உண்டு. கடைசி உயில் விழுந்தால் நேராக வாரிசு முறைக்குப் போய்விடுவோம் என்று நினைக்கக் கூடாது. அதற்கு முன் செல்லத்தக்க உயில் ஒன்று இருந்தால் அது எழுந்து நிற்கும். சித்தப்பாவின் கடைசி உயிலை உடைக்கக் கிளம்பிய ஒருவருக்கு, ஏழெட்டு வருடம் முந்திய உயிலில் தன் பெயரே இல்லை என்று பாதி வழியில்தான் தெரிந்தது. அவருக்குக் கடைசி உயிலில் ஐம்பது சென்டாவது இருந்தது.

வழிகள்

சும்மா விட்டுவிடுவதும் ஒரு வழிதான். ஊரில் அதைக் கோழைத்தனம் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொத்து முழுக்க அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் பதிவானது, சாட்சிகள் நல்ல மனிதர்கள், எழுதிய பிறகும் அப்பா ஐந்தாறு வருடம் நடமாடிக்கொண்டிருந்தார் என்றால், கேஸ் போடாதீர்கள் என்று எங்கள் வக்கீலே சொல்லி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். விட்டுவிட நினைப்பவர் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்த தங்கச்சியாக இருப்பார். தன் மகன் காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும் என்று நினைக்கிறவர். அந்தக் கணக்கைப் போடுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் விட்டுவிடுவது வேறு, என் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது வேறு. கருமாதிக்கு வந்த இடத்தில், பந்தல் பிரிப்பதற்குள், "பட்டா மாத்தறதுக்குத்தான், ஒரு கையெழுத்து" என்று நீட்டும் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துப் பாருங்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தை உடைப்பது உயிலை உடைப்பதைவிடச் சிரமம். அங்கே கையெழுத்து உங்களுடையது.

பேசித் தீர்ப்பது அடுத்தது. மாமன் மச்சான், ஊரில் இரண்டு பெரிய மனிதர் என்று உட்கார்ந்து பேசினால் முடியும் என்பது உண்மைதான். ஆனால் வெறுங்கையோடு உட்கார்ந்தால் பெண்ணுக்குக் கிடைப்பது ஒரு பவுன் கணக்கு. மூலப்பத்திர நகலோடும் பங்குக் கணக்கோடும் உட்கார்ந்தால் பேச்சே வேறு. ஒத்துக்கொண்டதை எழுத்தாக்கிப் பதிவு செய்துவிட வேண்டும். குடும்பத்துக்குள் நடக்கும் விடுதலை, செட்டில்மெண்ட் பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். கோர்ட்டு வழியில் போகும் செலவோடு ஒப்பிட்டால் இது காசே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு விடுவதாக இருந்தால் டிடியாகவோ வங்கி வழியாகவோ பத்திர நாளன்றே வாங்குங்கள். "அறுப்பு முடிஞ்சு தாரேன்" என்ற பேச்சை நம்பி நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

தாசில்தாரிடம் ஆட்சேபனை மனு கொடுப்பது செலவில்லாத வழி. உயிலைக் காட்டிப் பட்டா மாற்ற மனுப் போட்டிருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்து ஒப்புகை வாங்கி வைக்கலாம். ஆனால் உயில் செல்லுமா செல்லாதா என்று வருவாய்த் துறை முடிவு செய்ய முடியாது. அதற்குச் சிவில் கோர்ட்தான். பட்டா பெயர் மாறிவிட்டால் சொத்தே போய்விட்டது என்று அழுகிறவர்களுக்கும் இதையே சொல்லலாம்: பட்டா உரிமை மூலம் அல்ல. இந்த வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. உயிலைப் பற்றி இன்ன தேதியில் எனக்குத் தெரியும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். உயில் செல்லாது என்று கோர்ட் அறிவிக்கக் கேட்பதை விளம்பிக் கேட்பது என்பார்கள். அந்த வழக்குக்குக் காலக்கெடு மூன்று வருடம். அந்த மனுத் தேதியை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். மனுக் கொடுத்துவிட்டுக் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேல்முறையீட்டில் அலைந்து, மூன்று வருடத்தைத் தாண்டிய பிறகு கோர்ட்டுக்கு வந்தவர்கள் உண்டு.

போலீஸ். உயிலைப் பொய்யாகப் புனைவது பெரிய குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 338-ஆம் பிரிவில் ஆயுள் தண்டனைவரை போகலாம். 2024 ஜூலைக்கு முந்திய செயல் என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 467-ஆம் பிரிவு. ஆனால் ஸ்டேஷனில் முதலில் கேட்கும் வார்த்தை "சிவில் மேட்டரும்மா" என்பதாகத்தான் இருக்கும். ஆள்மாறாட்டம், ரேகை பொருந்தவில்லை என்பது போன்ற கண்ணுக்குத் தெரிகிற ஆதாரம் இருந்தால் இந்த வழியில் போகலாம். இல்லாமல் மிரட்டுவதற்காகப் போட்டால் அண்ணன் பேச வரமாட்டார், வக்கீலைப் பார்க்கத்தான் போவார். கோபத்தோடு வருகிறவர்கள் முதலில் கை காட்டுவது இந்தக் கதவைத்தான். இதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி கோர்ட். இதிலேயே இரண்டு ரகம். உயில் செல்லாது என்று விளம்பக் கேட்பது ஒன்று. என் பாகத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்று பாகப்பிரிவினைக்குப் போடுவது மற்றொன்று. வெறும் விளம்பி கேட்டு ஜெயித்தால் கையில் வருவது ஒரு காகிதம். நிலத்துக்கு மறுபடியும் பாகவழக்குப் போட வேண்டும். பாகவழக்கில் நீங்கள் வாரிசு, கூட்டுப்பங்குதாரர் என்ற நிலையில் நிற்கிறீர்கள். உயிலைத் தூக்கிக்கொண்டு வருவது அண்ணன் வேலை. சாட்சியைக் கூட்டி வந்து நிரூபிப்பதும் அவர் வேலை. உயில் நின்றாலும் பூர்வீகத்தில் உங்கள் பங்குக்குத் தீர்ப்பு கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழாவிட்டாலும் ஒரு மாங்காய் நிச்சயம். உயில் இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தால், அது என்னைக் கட்டுப்படுத்தாது என்ற விளம்பியையும் அதே பிராதில் சேர்த்துவிடுவார்கள். அதற்காகவாவது மூன்று வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கோர்ட் கட்டணத்திலும் வித்தியாசம் இருக்கிறது. கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்று சொல்லி பாகம் கேட்டால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் சின்ன நிலையான கட்டணம்தான். அனுபவத்திலிருந்து என்னை வெளியேற்றிவிட்டார்கள் என்று பிராதில் எழுதிவிட்டால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். பங்கு 80 லட்சம் என்றால் 2,40,000 ரூபாய். அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. வருடா வருடம் தேங்காய் வருமானத்தில் பங்கு வந்துகொண்டிருக்கிறது, தோட்டத்துச் சாளையில் உங்கள் சாமான் இருக்கிறது என்றால் அதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள் என்கிறேன். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம்.

சென்னை மாநகர வழக்குகளில் அடிபடுகிற புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) பற்றிக் கேட்பவர்களுக்கு: அதை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கோவைக்கும் ஈரோட்டுக்கும் என்றைக்கும் இருந்ததில்லை. அண்ணன் புரொபேட் வாங்கவில்லை என்பது உங்கள் கையில் ஆயுதம் ஆகாது.

வழக்கைப் போட்டதோடு தடையுத்தரவும் கேட்க வேண்டும். புறவழிச்சாலை ஓர நிலம் என்றால் வீட்டுமனை போடுகிறவர் ஏற்கெனவே வந்து பார்த்திருப்பார். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பது சரிதான். ஆனால் கல் நட்டு, ரோடு போட்டு, ஐம்பது பேருக்கு விற்ற பிறகு அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காலம்தான் பெரிய செலவு. பாகவழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தால் பாதி தூரம்தான். அதற்குப் பிறகு கமிஷனர், சர்வேயர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை வர வேண்டும். நடுவில் அப்பீல், இரண்டாம் அப்பீல். வாய்தாவுக்கு அம்மாவோடு கைப்பிள்ளையாக வந்தது, அம்மாவை வண்டியில் வைத்துக் கூட்டி வரும் வயதுக்கு வளர்ந்துவிடும்.

கடைசியாக, போடாமல் காத்திருப்பது. நிலமோ வீடோ உங்கள் கையில் இருந்தால் மட்டும் இது நல்ல வழி. அப்பா வீட்டில் குடியிருக்கும் விதவை அம்மா, தோட்டத்தில் பண்ணையம் பார்க்கும் தம்பி, இவர்கள் எதற்கு முதலில் போக வேண்டும்? உயில்காரர் வரட்டும். என்னையும் கேட்க வேண்டும் என்று கோர்ட்டில் ஒரு கேவியட் மனு மட்டும் போட்டு வைத்தால் 90 நாளுக்குள் உங்களைக் கேட்காமல் தடையுத்தரவு வாங்க முடியாது. அனுபவம் அண்ணன் கையில் இருந்தால் காத்திருப்பது அவருக்குத்தான் லாபம்.

என்னைக் கேட்டால், பூர்வீகத்துக்குப் பத்திர ஆதாரம் இருக்கிற பெண்ணுக்குப் பாகவழக்குதான் வழி. போட்ட பிறகும் பேச்சுக் கதவைத் திறந்து வைக்கலாம். உயிலை உடைப்பதை அதற்குள் ஒரு கிளையாக மட்டும் வைக்க வேண்டும். சொத்து முழுக்கச் சுயசம்பாத்தியம், சந்தேகச் சூழ்நிலையும் பலமாக இருக்கிறது என்றால் உயில்தான் முழுக் கேஸ். அதற்கு ஆஸ்பத்திரி ரெக்கார்டு, கூட்டுறவுச் சங்கம், வங்கியில் உள்ள பழைய கையெழுத்துகளைப் பிராது எழுதுவதற்கு முன்னாலேயே திரட்ட வேண்டும். அந்தக் காகிதங்கள் ரொம்ப நாள் காத்திருக்காது.

மஞ்சப்பை அம்மா பாகவழக்குப் போட்டார். அண்ணன் தரப்புச் சாட்சி ஒருவர் கூண்டில் நின்று, உயில் எழுதியது காலையிலா சாயங்காலமா என்பதில் தடுமாறினார். சமையல் கேஸ் படிவத்து 'லை'யில் நாங்களும் தடுமாறினோம். இரண்டு பக்கமும் பயந்த அந்த நேரத்தில்தான் மக்கள் நீதிமன்றத்துக்குக் கேஸ் போனது. அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அப்பீலும் கிடையாது. தங்கச்சிகள் இரண்டு பேருக்கும் மேற்குப் பக்கம் தலா இரண்டு ஏக்கர், மீதி அண்ணனுக்கு. ஒன்றரைக்கும் 2.66-க்கும் நடுவில் ஓர் எண். உயிலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது செல்லுமா செல்லாதா என்று கோர்ட்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிலம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சமரச மனுவில் நிலத்துக்கு நாலு வரி, கிணற்றுக்கு ஒன்றரைப் பக்கம். வண்டித்தடம் 12 அடி, மோட்டார் ரிப்பேர் செலவு மூன்றில் ஒன்று, கரண்ட் சர்வீஸ் அண்ணன் பெயரிலேயே இருப்பது, யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர், எல்லாம் எழுதினோம். அப்புறம் மும்முனைக் கரண்ட் நடுவில் போய்விட்டால் அந்த நேரம் யார் கணக்கு என்று ஆரம்பித்தது. சாயங்காலம் நாலு மணிவரை அதிலேயே போனது. கடைசியில் அண்ணன் எழுந்து, "போன நேரத்தை அடுத்த நாள் வெடியால நானே குடுத்தறேன், எழுதிக்குங்க" என்றார். ஒன்பதாவது ஷரத்தாக அதைச் சேர்த்து டைப் செய்தேன்.